ஒன்பது மெஷின்களின் உக்கிராணக்காரர்

பூட்டிக் கிடக்கும் கூடத்துக்குள் தையல் மெஷின் ஓடினால் அந்தப் பக்கம் யார் நடப்பார்கள்? சர்ச்சுக்குப் பின்னால் போகும் சந்தில், பொழுது சாய்ந்துவிட்டால், எங்கள் தெருக்காரர்கள் எதிர்ச்சுவரை ஒட்டித்தான் போவார்கள். டகடகவென்று ஒரு மெஷின் ஓடும். நிற்கும். சற்றுத் தள்ளி இன்னொன்று ஓடும். அதோடு ஒரு ஆண்குரல் பாட்டை முனகும். நடுநடுவே யாரோடோ பேசும்.

உள்ளே இருப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பயம்தான். ஏனென்றால் அவர் யாரோடு பேசுகிறார் என்பதும் தெரியும்.

சர்ச்சின் காவல்காரர் அவர். உயரமான, கூன் விழாத மனிதர். இடுப்பில் சாவிக்கொத்து. அந்தக் கூடத்தில் ஒரு காலத்தில் தையல் டீச்சர் ஒருவர் பள்ளி நடத்தினார். புருஷன் விரட்டியவள், புருஷன் போய்ச் சேர்ந்தவள், கல்யாணமே ஆகாதவள் என்று யார் வந்தாலும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பார். உடம்புக்கு முடியாமல் போய்த் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பியபோது சாவியைக் காவல்காரர் கையில் கொடுத்தார்.

"பத்திரமா பாத்துக்குங்க. நான் திரும்பி வர்றப்ப எல்லாம் இருக்கணும்" என்றார்.

டீச்சர் திரும்பவில்லை. அங்கேயே கண்ணை மூடினார். சாவியைத் திருப்பிக் கேட்டு டீச்சர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. காவல்காரர் யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஊரான் பொருளை இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காப்பவர் உண்டா என்று பாஸ்டர் ஒரு ஞாயிறு பிரசங்கத்திலேயே அவரைக் கைகாட்டினார். "உண்மையுள்ள உக்கிராணக்காரன் எப்படி இருப்பான்னு கேக்கறவங்க, கடைசி பெஞ்சைத் திரும்பிப் பாருங்க." சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எஜமான் பொருளைக் காப்பவனுக்கு வேதத்தில் உள்ள பெயர் அது. அன்றிலிருந்து அவருக்கு அதுவே பட்டப்பெயர் ஆயிற்று.

சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா அதையும் பாதியாக வெட்டிவிட்டாள்.

"என்ன உக்கிராணம், இன்னைக்கு டீச்சரம்மா என்ன தச்சாங்க? என் கடைக்கு ஒரு திரை தைக்கச் சொல்லுங்களேன். செத்தவங்க கூலி கேக்க மாட்டாங்க."

"வாயை வாடகைக்கு விட்டிருக்கியா நீ?"

"வாடகைக்கு எடுக்க ஆள் இருந்தா விட்டிருப்பேனே!"

அவர் சிரிக்காமல் டீயைக் குடித்துவிட்டுக் கூடத்துக்குப் போவார்.

உள்ளே ஒன்பது மெஷின்கள் வரிசையாக நின்றன. எல்லாம் காலால் மிதிக்கிறவை. முதலில் தூசி தட்டுவார். எண்ணெய்த் துளிகளை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுப் பழந்துணியால் ஒற்றுவார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, துணியை அமுக்கும் இரும்புப் பாதத்தை மறக்காமல் இறக்கிவிட்டு, மிதிப்பார். நூல் கிடையாது, துணி கிடையாது. ஒரு பாட்டு முனகி முடியும்வரை ஒரு மெஷின். சும்மா நின்றால் இரும்பு பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. டீச்சர் பாதத்தை இறக்காமல் தைக்கத் தொடங்கியதே இல்லை. வாசலில் நின்று அதைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். உள்ளே வந்து பார்த்ததில்லை. பெண்கள் இருக்கிற இடம் அல்லவா?

ஓட்டும்போதே டீச்சருக்குத் தகவல் சொல்வார். "நாலாவதுக்கு பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும்மா. இறுக்கிட்டேன். மழை உள்ள வரல. எலியும் இல்ல."

எட்டு மெஷின்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஒன்பதாவது ஜன்னலோரம் இருந்தது. டீச்சரின் கெட்டிக்கார மாணவி ஒருத்தி உட்காரும் இடம் அது. அதில் அவர் உட்கார்ந்ததும், கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கும். விரல் முட்டியால், மெதுவாக, கடன் கேட்க வந்தவர்கள் தட்டுவதுபோல.

ஆரம்பத்தில் எழுந்துபோய்த் திறந்து பார்த்திருக்கிறார். சந்து காலியாகக் கிடக்கும். இப்போதெல்லாம் எழுவதில்லை. தட்டும் சத்தம் கேட்டால் இன்னும் வேகமாக மிதிப்பார். இரும்போடு இரும்பு உரசிக் கூடமே அதிரும். அந்த அதிர்வைத்தான் நாங்கள் தெருவில் நின்று கேட்டோம்.

அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

*

காவல்காரர் வீடு கூடத்துக்கு நேர் எதிரே. இரண்டே அறைகள். முன்னறையில் மகனின் புகைப்படம். துறைமுகத்தில் பாரந்தூக்கி சாய்ந்து செத்துப்போன ஒரே மகன். அவன் மனைவியும் இன்னும் பேச்சு திருந்தாத குழந்தையும் இவர்களோடுதான் இருந்தார்கள். மருமகள் துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள்.

காவல்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. இஸ்திரி உருளை சுட்ட தழும்புகள் முழங்கைவரை ஏணிப்படிபோல இருக்கும். மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம் அவள்தான் செய்தியோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பெல்லாம் நைந்துவிட்டது, புதிதாகத் தைக்க ஆள் தேடுகிறார்கள், தலையணை உறை, திரை, எல்லாம் சேர்த்துப் பெரிய வேலை. துணியை அவர்களே தருவார்கள்.

மருமகள் சூப்பில் கரண்டியை விட்டபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "மாமா, ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கூடத்தைத் தவிர என்ன வேணும்னாலும் கேளும்மா."

"கூடத்தைத்தான் கேக்கறேன்."

"தெரிஞ்சுதானே முந்திக்கிட்டாரு" என்றாள் மாமியார், ரொட்டியைப் பிய்த்துக் குழந்தைக்கு ஊட்டியபடி.

"என்கூட ஆலையில இருந்தவங்க எல்லாருக்கும் கை இருக்கு, மெஷின் இல்ல. உங்ககிட்ட மெஷின் இருக்கு. பகல்ல மட்டும் தைக்கறோம். சாயங்காலம் தொடச்சு வச்சுட்டுப் போயிடறோம். ஒரு ஊசி ஒடிஞ்சா கூட வாங்கி வச்சிடறேன்."

"என்கிட்ட எங்க இருக்கும்மா? அது என்னுதா?"

"பின்ன யாருது?"

"டீச்சரம்மாவோடது."

"அவங்கதான் இல்லையே மாமா."

"அதனால எனக்குன்னு ஆயிடுமா? ஆளில்லாத வீட்டுல புகுந்து அனுபவிக்கறதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"அனுபவிக்கறதா? தலையணை உறை தைக்கறதா அனுபவிக்கறது?"

மாமியாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "நாய் பெத்த தேங்கா கதைதான். தானும் தின்னாது, உருட்டிக்கிட்டே காவல் இருக்கும்."

"யாருடி நாய்?"

"தேங்கா யாருன்னு கேக்கலையே, அதுவரைக்கும் சந்தோஷம்."

குழந்தை தாத்தாவைப் பார்த்து, "டக டக டக" என்றது. அவர் வருவதைக் கண்டாலே அது அப்படித்தான் சொல்லும்.

மருமகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நான் திங்கக்கிழமை கிளம்பறேன் மாமா. வேலைக்கு ஆள் எடுக்கற வேன் வருது. வெளியூர் ஆலை. அங்கேயே தங்கணும். குழந்தையையும் கூட்டிட்டு வரலாம்னு சொல்றாங்க."

காவல்காரர் கையில் இருந்த ரொட்டி சூப்பில் விழுந்தது.

"அந்த வேனா?"

"எந்த வேன்னு எனக்கு என்ன தெரியும்? வெள்ளை வேன்."

"அது வேணாம்மா. அதுல போனவங்க..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"போனவங்க?"

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து, இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் முதல் மெஷின் ஓடத் தொடங்கியது.

*

அந்த வாரமே பாஸ்டர் குடையோடு வந்தார். டீச்சரின் தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். கூடத்தையும் மெஷின்களையும் பார்த்து ஒரு முடிவு பண்ணவேண்டுமாம்.

"எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு நிம்மதியா இருங்க" என்றார் பாஸ்டர்.

இத்தனை வருஷம் அவர் காத்திருந்த நாள் அது. எஜமான் தூரதேசம் போய்த் திரும்பி வந்து வேலைக்காரர்களிடம் கணக்குக் கேட்கிற கதையை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஒருத்தன் கொடுத்ததைப் பெருக்குகிறான், இன்னொருத்தன் குழிதோண்டிப் புதைக்கிறான். அந்தக் கதையில் தான் எந்த ஆள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஜன்னலுக்குப் புதுக் கம்பி வைத்தார். மர மேடைகளைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி செய்தார். டீக்கடை அக்கா எட்டிப் பார்த்து, "கல்யாண வீடு தோத்துச்சு, உக்கிராணம். பொண்ணு எங்க?" என்றாள்.

"போடி வேலையைப் பாத்துக்கிட்டு."

அன்று அவர் சிரித்தார். ஆனால் ஒன்பதாவது மெஷினைத் துடைக்கும்போது தட்டுகிற சத்தம் பகலிலேயே கேட்டது. கதவு அப்போது திறந்துதான் இருந்தது. திறந்த கதவை யார் தட்டுவார்கள்? திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் ஈரக் காலடிகூட இல்லை. மழைத்துளி தகரத்தில் விழுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூடத்தின் மேல் தகரம் கிடையாது, ஓடுதான். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

*

ஞாயிறு ஆராதனை முடிந்து, தங்கச்சியம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பருத்த உடம்பு, கூர்மையான கண்கள். அவரும் இளவயதில் அக்காவோடு தைத்தவர்தானாம். பாஸ்டர், காவல்காரர், அவர் மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள். வாசலில் டீக்கடை அக்காவும் நாங்கள் சிலரும்.

தங்கச்சியம்மா வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். தூசி ஒட்டவில்லை. அலமாரியைத் திறந்தார். நூல்கண்டுகள் நிறம் நிறமாக, அக்கா வைத்துவிட்டுப் போன அதே ஒழுங்கில் இருந்தன. கத்தரிக்கோல்கள், விரலுறைகள், அளவு நாடாக்கள், எல்லாம்.

"அக்கா இருந்தப்ப இந்தக் கூடம் இப்படி இருந்ததே இல்ல" என்றார்.

காவல்காரர் தலை தாழ்ந்தது, பெருமையில்.

"துணி வெட்டின குப்பை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். ஒருத்தி அழுவா, ஒருத்தி சிரிப்பா, ஒருத்தி பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே மிதிப்பா." சுற்றிப் பார்த்தார். "இது சவக்கிடங்கு மாதிரி இருக்கு. சரி, யாருக்குத் தைக்கத் தெரியும்?"

மருமகள் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். தங்கச்சியம்மா தன் தோள்துணியை உருவிக் கொடுத்து, "ஓரம் மடிச்சுத் தை, பாக்கலாம்" என்றார்.

அலமாரி நூலைக் கோக்க இழுத்தாள். அது சாம்பல்போல அறுந்தது. வேறு நிறம் எடுத்தாள். அதுவும் அறுந்தது. தன் பையிலிருந்து நூல் எடுத்துக் கோத்தாள். துணியை வைத்தாள், பாதத்தை இறக்கினாள், மிதித்தாள்.

மெஷின் வெண்ணெய்போல ஓடியது. துணி நகரவில்லை. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி, நூல் கூடுகட்டி, துணியில் ஓட்டை விழுந்தது.

"நீ சரியா வைக்கலம்மா" என்றார் காவல்காரர்.

அவள் அடுத்த மெஷினுக்குப் போனாள். அதுவும் அப்படியே. மூன்றாவது, நாலாவது. ஊசி இறங்குகிற சத்தம் மட்டும். கடைசியில் ஸ்டூலை விட்டு இறங்கி மண்டியிட்டு, ஊசிக்குக் கீழே இருந்த தகட்டைக் கழற்றி விரலை விட்டுத் தடவினாள்.

"பல்லு இல்ல" என்றாள்.

"என்ன பல்லு?"

"துணியைப் பின்னால தள்றதுக்கு இங்க ரம்பம் மாதிரி பல்லு இருக்கும் மாமா. வழவழன்னு தேஞ்சு போயிருக்கு. அத்தனையும்."

"யாரு தேச்சா? இந்தச் சாவி என் இடுப்பை விட்டு எறங்கினதே இல்லையே!"

மருமகள் தகட்டைக் கீழே வைத்தாள். பாஸ்டரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். யாராவது தனக்குப் பதிலாகச் சொல்லமாட்டார்களா என்பதுபோல நின்றாள். தங்கச்சியம்மாதான் கேட்டார்.

"துணி இல்லாம ஓட்டினீங்களா?"

"தினமும்மா. துரு ஏறக்கூடாதுன்னு."

"பாதத்தை இறக்கிவிட்டா?"

"டீச்சரம்மா அப்படித்தானே செய்வாங்க."

"அவ நடுவுல துணி வச்சிருந்தாய்யா" என்றார் தங்கச்சியம்மா. "துணி இல்லன்னா பாதமும் பல்லும்தான் உரசும். இரும்பை இரும்பு தின்னும். நீங்க சும்மா பூட்டிப் போட்டிருந்தா கூட இவ்வளவு கெட்டுப் போயிருக்காது."

காவல்காரர் அந்த மெஷினின் தகடு இருந்த இடத்தில் தானும் விரலை விட்டுத் தடவினார். வெகுநேரம் தடவினார். கூழாங்கல்போல இருந்திருக்கும்.

"கடைசியில நான்தான் அந்தக் குழிதோண்டினவன்" என்றார் மெதுவாக.

"அவனாவது எடுத்துக் குடுக்கும்போது முழுசாக் குடுத்தான்" என்றாள் மனைவி. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது போகட்டும்" என்றார் தங்கச்சியம்மா. "பல்லு மாத்திக்கலாம். நான் மெஷினைப் பாக்கவா வந்தேன்? அந்தக் கண்ணாடிக்காரி எங்க?"

காவல்காரரின் கை தேய்ந்த பல்லின் மேலேயே நின்றுவிட்டது.

"யாரும்மா?" என்றார் பாஸ்டர்.

"தடிச்ச கண்ணாடி போட்ட பொண்ணு. ஜன்னல் பக்கம் உக்காருவாளே. அக்கா அவளை நம்பித்தானே ஊரை விட்டே கிளம்பினா. படுக்கையில கிடந்தப்ப தினமும், 'கண்ணாடி இந்நேரம் பள்ளிக்கூடத்தைத் தொறந்திருப்பா, எத்தனை பேரு வந்திருக்காங்களோ'ன்னு அதே பேச்சுதான். நீ போய்ச் சாவி வாங்கி நடத்துன்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாளாம். அவ வரலையா?"

மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது.

"வந்தா" என்றார் காவல்காரர்.

"வந்தாளா? அப்புறம்?"

"டீச்சரம்மா வரச் சொன்னாங்கன்னு சொன்னா. எங்கிட்ட டீச்சரம்மா ஒண்ணும் சொல்லலையேன்னேன். அவசரத்துல மறந்திருப்பாங்கன்னா. மறக்கற ஆள் இல்ல அவங்கன்னேன். பொருள் என்னுது இல்லம்மா, அவங்க வந்ததும் வான்னு சொன்னேன். 'அவங்க வர்ற வரைக்கும் எனக்குப் பசிக்காம இருக்கணுமே'ன்னு சிரிச்சா." அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "கதவைச் சாத்திட்டேன். அப்புறமும் தட்டினா. ரொம்ப நேரம் தட்டினா. நான் உள்ள உக்காந்து மெஷினை மிதிச்சேன்."

"இப்ப எங்க அவ?"

"வெள்ளை வேன்ல போனா. அங்க ஆலை விடுதியில காய்ச்சல் வந்து... ஒரு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்."

மருமகள் குழந்தையை மாமியாரிடமிருந்து வாங்கி இறுக்கிக்கொண்டாள்.

காவல்காரர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் பேசினாள். "எனக்கும் தெரியும். எதிர் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ரொட்டியும் ரெண்டு முட்டையும் கட்டிக் குடுத்து அனுப்பினேன். உள்ள கூப்பிட்டுப் படுக்க வச்சிருக்கலாம். உங்களோட சண்டை வேண்டாம்னு விட்டுட்டேன். தட்டற சத்தம் உங்களுக்கு மட்டும்தான் கேக்குதுன்னா நினைச்சீங்க?"

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் தனித்தனியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்கள்.

"என்னை ஏதாவது சொல்லுங்கம்மா" என்று தங்கச்சியம்மாவிடம் கேட்டார். "திட்டுங்க. வேலையை விட்டு அனுப்பச் சொல்லுங்க."

"நான் யாருய்யா சொல்றதுக்கு? அக்கா போய் இத்தனை வருஷத்துல ஒரு தடவை எட்டிப் பாத்தேனா நானு? ஒரு போன் பண்ணி அந்தப் பொண்ணு வந்தாளான்னு கேட்டேனா?" தங்கச்சியம்மா கைத்தடியைத் தரையில் தட்டினார். "இதையெல்லாம் வித்துட்டுக் கையைக் கழுவலாம்னு வந்தேன். இப்ப நீங்களே சொல்லுங்க. இதை யாருகிட்ட ஒப்படைக்கணும்?"

காவல்காரரிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காத்துக்கொள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டவர் இல்லை. பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காவல்காரர் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தார். கூடத்துச் சாவியை வளையத்திலிருந்து பிரிக்க நகம் நுழையவில்லை. வருஷக்கணக்காகக் கழற்றாத வளையம். பல்லால் கடித்துப் பிரித்தார்.

"இந்தாம்மா" என்று மருமகளிடம் நீட்டினார். "நாளைக்கு அந்த வேன்ல ஏறாத."

*

திங்கட்கிழமை வேன் வந்து, ஹாரன் அடித்து, வேறு தெருவுக்குப் போயிற்று. மெக்கானிக் வந்து மெஷின்களுக்குப் பல் மாற்றினார். அந்தப் பழைய பற்களைக் கையில் குலுக்கிக்கொண்டு, "தாத்தாவுக்குத்தான் பல்லு விழும், இங்க தாத்தாவே விழ வச்சிருக்காரு" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கூடம் நிறைந்துவிட்டது. ஆலையில் வேலை போனவர்கள் வந்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள். துணிக் குப்பை கணுக்காலைத் தொட்டது. ஒருத்தி மாமியாரைத் திட்டிக்கொண்டே தைப்பாள். அவள் திட்டு ஏற ஏறத் தையல் நேராகும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். காவல்காரர் மூட்டை தூக்கினார், தண்ணீர் கொண்டுவந்தார், உடைந்த ஊசிகளைப் பொறுக்கினார். மருமகள் தைத்த விரிப்புகளை மாமியார் சலவைக்கூடத்துக்குச் சுமந்து போனாள்.

எட்டு மெஷின்கள்தான் ஓடின. ஒன்பதாவதில் யாரும் உட்காரவில்லை. காவல்காரர் அதை மட்டும் தினமும் துடைத்து, ஸ்டூலை உள்ளே தள்ளி வைப்பார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மருமகளும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டுகிற சத்தமும் நிற்கவில்லை. எட்டு மெஷின் ஓடுகிற இரைச்சலில்கூட அவருக்குக் கேட்டது.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு பிற்பகலில் கதவை நிஜமாகவே ஒருத்தி தட்டினாள். சின்ன வயது. கையில் நனைந்த துணிப்பை, ஒரு காலில் செருப்பு அறுந்திருந்தது. ஏதோ ஒரு விடுதியிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இங்க வேலை குடுப்பாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

மருமகள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எட்டு முதுகுகளும் குனிந்திருந்தன. அவள் மாமனாரைப் பார்த்தாள். வற்புறுத்தவில்லை, பார்த்தாள். அவ்வளவுதான்.

"இடமில்லன்னா சொல்லிடுங்க. நான் போறேன்" என்றாள் வந்தவள், ஏற்கெனவே பாதி திரும்பியபடி.

"இரும்மா" என்றார் காவல்காரர்.

ஜன்னலோரம் நடந்தார். ஸ்டூலை வெளியே இழுத்தார். அது தரையில் உரசிய சத்தத்தில் எட்டு மெஷின்களும் நின்றன.

"இது யாரோ உக்கார்ற இடம் மாதிரி இருக்கே" என்றாள் அந்தப் பெண். மெஷின் மேல் போட்டிருந்த துணியின் சுத்தத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

"ஒருத்தி உக்காருவா."

"அவங்க வந்தா?"

"வர மாட்டா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். மருமகள் தலையணை உறையின் இரண்டு விளிம்புகளைச் சேர்த்துக் கொடுத்தாள். மெஷின் முனகியது. துணி மெல்ல நகர்ந்து, பின்னால் வழிந்து, தரையைத் தொட்டது.

காவல்காரர் வாசல் பக்கம் திரும்பினார்.

அவள் நின்றிருந்தாள். கண்ணாடி முழுக்க மழைநீர். அதைத் துடைக்காமலே, தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. கோபமா, சந்தோஷமா என்று அந்த நனைந்த கண்ணாடிக்குள் அவருக்குத் தெரியவில்லை. ஒன்றுமட்டும் தெரிந்தது. அவள் போகப்போவதில்லை.

அன்றிலிருந்து கூடத்துக் கதவு, வேலை நடக்கிறவரை, மூடுவதே கிடையாது. காவல்காரர் நாற்காலியை வாசலிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். பாதி இடத்தை விட்டுத் தள்ளித்தான் உட்காருவார். காற்று அடித்தது, தூசி வந்தது, குளிர் வந்தது. அடுத்த மழையும் வந்தது. சாரல் நேராக உள்ளே அடித்து அவர் முழங்காலை நனைத்தது.

டீக்கடை அக்கா கடையிலிருந்தே கத்தினாள்.

"உக்கிராணம், உள்ள தண்ணி போகுது பாருங்க. கதவைச் சாத்தினா என்ன?"

"சாத்தினா அவ தட்டணும்" என்றார் அவர்.

அக்கா சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு சாரலில் ஓடிவந்து, தண்ணீர் உள்ளே போகாமல் வாசற்படியில் விரித்துவிட்டுப் போனாள்.